வீட்டில் குளியல் சோப்பு செய்யும் தொடக்கப் பெட்டி: இரண்டு முறை வாங்கிய அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

கடைச் சோப்பை விட்டுவிட்டு நாமே செய்து பார்க்கலாம் என்ற ஆசை வந்தபோது, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் தனித்தனியாகத் தேடி அலைவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்திடம் ‘தொடக்கப் பெட்டி’ ஒன்றை இணையவழியில் வாங்கினேன். விலை 1,150 ரூபாய். கூரியர் செலவு தனி. முதல் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிச் செய்தேன். இரண்டாவது பெட்டியை எடைத்தராசோடு செய்தேன். இந்த மதிப்பீடு அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றியது. குறைகளை அவர்களுக்கு எழுதி, சிலவற்றை அவர்கள் திருத்தியும் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. வேறு யாரிடம் இத்தகைய பெட்டியை வாங்கினாலும் இதே இடங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இருந்தவை: தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆலிவ் எண்ணெய் 200 கிராம், பாமாயில் 100 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 75 கிராம் என்று அச்சிட்ட ஒரு பை, காய்ச்சி வடித்த நீர் 190 மில்லி, மல்லிகை வாசனை எண்ணெய் 15 மில்லி, குப்பைமேனிப் பொடி, ஆறு குழிகள் கொண்ட சிலிக்கான் அச்சு, கண்ணாடி வெப்பமானி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, அமில, காரத்தன்மையை அளக்கும் பிஎச் தாள், நான்கு பக்கச் செய்முறைத் தாள். எடைத்தராசு இல்லை. பெட்டியின் மிகப் பெரிய குறை இதுதான் என்று முதல் நாள் எனக்குத் தெரியவில்லை. அளந்துதானே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணெய்களைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெயில் காறல் வாடை சிறிதும் இல்லை. ஆலிவ் எண்ணெய் சமையலுக்கு வாங்கும் உயர்தர வகை இல்லை என்றாலும் சோப்புக்கு அது தேவையும் இல்லை. விகிதத்தை வகுத்தவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் நுரையையும் கெட்டித்தன்மையையும் தரும், ஆனால் அளவு மிஞ்சினால் தோலை வறட்டும். அதனால் அதை 30 சதவீதத்தில் நிறுத்தி, மென்மைக்கு ஆலிவையும், கட்டி சீக்கிரம் கரையாமல் இருக்கப் பாமாயிலையும், நுரை நிலைத்து நிற்க விளக்கெண்ணெயையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் கலவையில் நான் மாற்றச் சொல்ல எதுவுமில்லை.

சிக்கல் காஸ்டிக் சோடாப் பையில் தொடங்குகிறது. ஒவ்வோர் எண்ணெயும் முழுமையாகச் சோப்பாக மாற இவ்வளவு காரம், அதாவது காஸ்டிக் சோடா, வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம், ஆலிவுக்கு 0.134, பாமாயிலுக்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. இந்தப் பெட்டியின் எண்ணெய்களுக்கு இதைப் பெருக்கிக் கூட்டினால் 74.8 கிராம் வருகிறது. அதாவது 75 கிராமையும் கொட்டினால் எண்ணெயில் ஒரு துளிகூட மிஞ்சாது. குளியல் சோப்பு செய்பவர்கள் வழக்கமாக ஐந்து சதவீதம் அளவுக்குக் காரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். மிஞ்சும் எண்ணெய் தோலுக்கு இதமாக இருக்கும், அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். அந்தக் கணக்குப்படி இந்தப் பெட்டிக்கு வேண்டியது 71 கிராம் மட்டுமே. ஆனால் செய்முறைத் தாளோ, ‘பையில் உள்ளதை முழுவதும் நீரில் கரைக்கவும்’ என்கிறது.

இது காகிதக் கணக்கோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முதல் பெட்டியின் சோப்பை ஆறு வாரம் கழித்து, சோப்பு செய்பவர்கள் செய்வதுபோல நனைத்த விரலால் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தபோது சுரீரென்று மின்சாரம் தொட்டது போல இருந்தது. கையைக் கழுவிப் பார்த்தேன். விரலிடுக்குகள் வெடித்த மாதிரி வறண்டன. காரம் மிஞ்சிவிட்டது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். இரண்டாவது பெட்டி வந்ததும் முதல் வேலையாகப் பையைப் பிரித்து, சமையலறைக்கு வாங்கிய டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் எடையைக் கழித்துவிட்டுக் கொட்டினேன். செதில்கள் உலர்ந்து உதிரியாகவே இருந்தன. தராசு 79 கிராம் காட்டியது. மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 79. கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடா நூற்றுக்கு நூறு தூய்மையாக இருக்காது என்று இரண்டு சதவீதத்தைத் தள்ளினாலும், எல்லா எண்ணெயையும் தின்றுவிட்டு மேலும் இரண்டரைக் கிராம் காரம் மிஞ்சும். முதல் பெட்டியின் பையில் எவ்வளவு இருந்ததோ, அதை நிறுக்காமல் கரைத்த என்னைத்தான் கேட்க வேண்டும்.

பையைப் பற்றி இன்னொன்று. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். அதை மெல்லிய ஜிப் பையில் போட்டு அனுப்புவது சென்னைக் காற்றுக்குச் சரிவராது. இரண்டாவது பையில் மீதம் இருந்த எட்டுக் கிராமை அப்படியே வைத்திருந்தேன். நான்கே நாளில் கட்டி தட்டி, பையின் மூலையில் நீர் கோத்துவிட்டது. இறுக மூடும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அனுப்பினால் கூடுதலாகப் பத்து ரூபாய் ஆகுமா?

செய்முறைத் தாளுக்கு வருகிறேன். அச்சு அழகாக இருக்கிறது, தமிழும் பிழையில்லாமல் இருக்கிறது. நீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் நீரை ஊற்றக்கூடாது என்பதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பது பாராட்டத்தக்கது. கரைசல் நொடியில் 80 டிகிரியைத் தொடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில், ‘வீட்டிலுள்ள பழைய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் பழைய பாத்திரம் என்றால் பரணில் கிடக்கும் அலுமினியக் குண்டான்தான் முதலில் கைக்கு வரும். அலுமினியத்தோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் பாத்திரம் அரித்துக் கறுத்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு பொங்கும். எவர்சில்வர் என்ற ஒரு சொல்லை அந்த வரியில் சேர்த்திருந்தால் போதும். தோலில் காரம் பட்டால் வினிகர் ஊற்றச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. ஓடும் குழாய் நீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவுவதுதான் முறை; வினிகரைத் தேடி அடுக்களைக்கு ஓடும் நேரத்தில் காரம் தன் வேலையை முடித்துவிடும். கூடவே கொடுத்த கையுறையோ பரோட்டாக் கடையில் மாட்டிக்கொள்ளும் பாலித்தீன் உறை. மணிக்கட்டில் நிற்கவே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் தரமானது.

கடைவதற்குக் கைப்பிடி பிளெண்டர் இல்லாதவர்கள் மத்தைப் பயன்படுத்தலாம் என்று தாள் சொல்கிறது. நானும் அம்மாவிடம் மோர் மத்தைக் கேட்டேன். “எடுத்துக்கோ, ஆனா அதை மறுபடியும் என் மோர்ச்சட்டிக்குள்ள விடாதே” என்றார். அது வெறும் கோபமில்லை; மரத்தைக் காரம் அரிக்கும், நார் பிரிந்து கலவையிலும் விழும். ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள கலவை கைக்கடைசலுக்கு மெதுவாகத்தான் இணங்கும். நாற்பது நிமிடம் கடைந்த பிறகுதான் தோசை மாவுப் பதம் வந்தது. மேலே தூக்கிவிட்ட கலவை உடனே அமிழாமல் கோடாக நிற்க வேண்டும், அதுதான் அடையாளம். இரண்டாவது முறை பிளெண்டரில் அதே பதம் மூன்று நிமிடத்தில் வந்தது.

அந்தப் பதத்தில் மல்லிகை எண்ணெயை ஊற்றினேன். பூ வாசனைகள் பலவும் கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும் என்பதைத் தாள் சொல்லவில்லை. சொன்னதெல்லாம், ‘வாசனை சேர்த்தபின் ஐந்து நிமிடம் நன்றாகக் கடையவும்’ என்பதுதான். ஒரு நிமிடம் கழியவில்லை, தோசை மாவு உப்புமாவாகிவிட்டது. கரண்டியால் அள்ளி அச்சுக்குள் அமுக்க வேண்டியதாயிற்று. முதல் சோப்புகளின் அடியில் இருக்கும் குழிகளெல்லாம் அப்போது விழுந்தவை. இரண்டாவது முறை கலவை இன்னும் நீர்த்திருக்கும்போதே 10 மில்லி மட்டும் சேர்த்து, பிளெண்டரை எடுத்துவிட்டு ஸ்பேட்டுலாவால் கிளறி உடனே ஊற்றினேன். ஒழுங்காக அமர்ந்தது. வாசனையைப் பொறுத்தவரை, பூக்கடை மல்லிகையைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். ஊதுபத்தி மல்லிகைக்கு அது நெருக்கம்.

அச்சின் கணக்கும் உதைக்கிறது. ஒரு குழியில் 100 கிராம் பிடிக்கிறது, ஆறு குழிக்கு 600. ஆனால் பெட்டியிலுள்ள பொருள்களை எல்லாம் சேர்த்தால் 780 கிராமுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. மீதத்தை எங்கே ஊற்றுவது? கையில் கலவை இறுகிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி வந்தால் மனிதர் என்ன செய்வார்? பழச்சாறு வந்த அட்டைப்பெட்டி ஒன்று குப்பைக்கூடையில் இருந்ததால் தப்பித்தேன்; அதன் வாயை வெட்டி, கழுவித் துடைத்து ஊற்றினேன். மறுநாள் அட்டையைக் கிழித்து எடுத்தபோது வந்த கட்டி, அச்சில் வந்தவற்றைவிட நேர்த்தியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

குப்பைமேனிப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் படத்தில் சோப்பு தளிர்ப் பச்சையாகச் சிரிக்கிறது. இலைப் பச்சை காரத்தில் நிலைக்காது. என் சோப்பு முதல் வாரம் ஆலிவ் பச்சையாகவும், மூன்றாம் வாரம் காய்ந்த சாணி நிறமாகவும் ஆனது. அதுகூடப் போகட்டும். ‘படை, சொறி, சிரங்கு நீங்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் சோப்பில் ஒரு தேக்கரண்டிப் பொடியைப் போட்டுவிட்டு நோய் தீரும் என்பது நியாயமான பேச்சில்லை. பிஎச் விஷயத்திலும் இதே போக்குதான்: ‘சோப்பின் பிஎச் 7 வரும்வரை உலர விடவும்’ என்கிறது தாள். எண்ணெயும் காரமும் சேர்ந்த உண்மையான சோப்பு இயல்பாகவே 9 முதல் 10 வரை இருக்கும். அது 7-க்கு இறங்கவே இறங்காது. இதை நம்பினால் நல்ல சோப்பையும் கெட்டுப்போனதென்று தூக்கி எறிய நேரும்.

கடைசிப் பக்கத்தில், ‘அக்கம்பக்கத்தில் விற்று வருமானம் ஈட்டலாம்’ என்று ஊக்கம் தருகிறார்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் அழகுசாதனம் என்ற வரையறையிலிருந்து சோப்பு முதலில் விலக்கப்பட்டிருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இன்றைக்கு விற்பனைக்காகக் குளியல் சோப்பு செய்ய, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி உரிமம் வேண்டும். வருமானத்தைப் பற்றி எழுத இடம் இருந்தவர்களுக்கு இந்த ஒரு வரிக்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.

இலவசமாக வைத்திருந்த உதட்டுத் தைலப் பொட்டலம் பரவாயில்லை. தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கி ஊற்ற வேண்டியதுதான். மெழுகு குறைவு என்பதால் வெயில் நாளில் கைப்பையில் இளகிவிடும்.

குறைகளை எல்லாம் கணக்கோடு மின்னஞ்சலில் எழுதினேன். இரண்டு நாளில் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, மிகப் பணிவாகப் பேசினார். கட்டி கெட்டியாக வரட்டும் என்றுதான் 75 கிராம் வைத்தோம் என்றார். கெட்டித்தன்மைக்கு உலர்த்தும் காலம்தான் வழி என்று நான் சொன்னதை மறுக்கவில்லை. இரண்டு வாரத்தில் புதிய செய்முறைத் தாள் அஞ்சலில் வந்தது: வினிகர் வரி போய்விட்டது, எவர்சில்வர் வந்துவிட்டது, ‘காரத்தை எடைபோட்டு 71 கிராம் மட்டும் எடுக்கவும்’ என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பெட்டியில் தராசு இன்னும் இல்லை, பிஎச் 7 இன்னும் இருக்கிறது.

விலையைப் பார்த்தால், இதே அளவு எண்ணெய்க்கும் காரத்துக்கும் தனியாக வாங்கினால் பாதிகூட ஆகாது. அச்சுக்கும் வெப்பமானிக்கும் கண்ணாடிக்கும்தான் மீதிப் பணம். எனவே முதல் முறைக்கு ஒரு பெட்டி வாங்கலாம், வீட்டில் ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு இருந்தால் மட்டும். இரண்டாவது பெட்டி வாங்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு அது பரிசோதனைச் செலவு.

71 கிராம் காரமும் 170 மில்லி நீரும் வைத்துச் செய்த இரண்டாவது தொகுதியை முறத்தில் காகிதம் விரித்து, விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தேன். மழைக்காலம் என்பதால் சில நாள் காலையில் மேலே முத்து முத்தாக வியர்த்திருந்தது. கிளிசரின் ஈரத்தை இழுப்பதால் வரும் வியர்வைதான் அது, துடைத்துவிட்டால் போதும். ஆறு வாரத்தில் 100 கிராம் கட்டி 87 கிராமுக்கு வந்து நின்றது. நாக்கில் சுரீர் இல்லை. இப்போது குளியலறையில் இருப்பது அதில் மூன்றாவது கட்டி. முதல் தொகுதியைத் துருவி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கால்மிதியடி துவைக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ரப்பர் கையுறையோடு.