எட்டுப் பருவமும் ஒரு குளமும்: வகுப்பறைக்கு வந்த சுற்றுலா விளையாட்டு

சுற்றுலா விளையாட்டுப் பெட்டியைத் திறந்து கால் மணித்தியாலம் ஆவதற்குள் தரம் பத்து மாணவன் ஒருவன் அதிலிருந்த பெரிய பிழையைப் பிடித்துவிட்டான். மழைக் கட்டையை உருட்டினான். ஐந்து விழுந்தது. குளத்தில் ஐந்து துளி நீர் சேர்க்க வேண்டும். அவன் சேர்க்கவில்லை. பலகையில் பருவ முள் ஆடி, ஆவணி, புரட்டாதி என்ற கட்டத்தில் நின்றது.

"சோளகம் அடிக்கிற நாளில் எங்கே ரீச்சர் இப்படி மழை பெய்கிறது?" என்று கேட்டான். சோளகம் எங்கள் பக்கம் மழை தராத தென்மேற்குக் காற்று. அவனுடைய தகப்பன் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் புவியியல் கற்பிக்கிறேன். நிலைபேறான சுற்றுலாவையும், எவரையும் ஒதுக்கிவைக்காத சுற்றுலாவையும் மாணவர்களுக்கு விளையாட்டாகக் கற்பிப்பதற்கென்று செய்யப்பட்ட இந்தப் பெட்டி ஒரு மாத இரவலாக எங்கள் பாடசாலைக்கு வந்தது. கடைக்கு இன்னும் வராத பரீட்சார்த்தப் பதிப்பு. கருத்துச் சொல்லுங்கள் என்றுதான் தந்தார்கள். குறைகளையும் சொல்லப்போவதால் செய்தவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. வன்னியில் வேறு பாடசாலைகளுக்கும் இது போகவிருக்கிறது என்று அறிந்தேன். அந்த ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் மடித்து விரிக்கும் பலகை ஒன்று, ஆறு பாத்திர அட்டைகள், பயணி அட்டைகள், நிகழ்வு அட்டைகள், நாணய வட்டுகள், நீலத் துளிகள், சிவப்பு இதயங்கள், இரண்டு கட்டைகள் இருக்கின்றன. பலகையில் ஒரு கற்பனைக் கரையோர ஊர்: குளம், காடு, கடற்கரை, கோயில், சந்தை. விடுதி நடத்துபவர், வள்ளக்காரர், விவசாயி, வன அதிகாரி, பஸ் உரிமையாளர், பிரதேச சபைத் தவிசாளர் என்று ஆறு பேர் விளையாடலாம். ஆண்டுக்கு நான்கு பருவம், இரண்டு ஆண்டுகள். ஆக எட்டுச் சுற்று. ஒவ்வொரு பயணியும் நாணயம் தருவார், ஒரு துளி நீர் எடுப்பார். ஊர் மக்களின் மனநிலையை இதயங்கள் காட்டும். குளம் வற்றினாலும் இதயங்கள் தீர்ந்தாலும் ஆறு பேருமே தோற்பார்கள்.

இந்த கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இடம் கெடாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும் 'தாங்குதிறன்' என்ற பாடப்புத்தகச் சொல்லுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்ன ஆண்டுகள் எனக்குண்டு. பரீட்சையில் எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். இங்கே மூன்றாம் சுற்றில் குளத்தில் இரண்டு துளி மிஞ்சியிருக்க, விடுதிக்காரராக இருந்த மாணவி நான்கு பயணிகளை ஏற்கப் போனபோது விவசாயி எழுந்து நின்று கத்தினான். அந்த வகுப்பில் ஒருபோதும் வாய் திறக்காத பையன் அவன்.

மழைப் பிழைக்கு வருகிறேன். விளையாட்டைச் செய்தவர்கள் எல்லாப் பருவத்துக்கும் ஒரே மழைக் கட்டையை வைத்திருக்கிறார்கள். எங்களுடையது உலர் வலயம். வாடைக் காற்றோடு வருகிற மாரி மழைதான் ஆண்டு முழுவதற்குமான கைமுதல். அதை வைத்துத்தான் காலபோகம் என்ற பெரிய நெற்செய்கை. மிஞ்சுவதை அளந்துதான் சிறுபோகம் என்ற சிறிய நெற்செய்கை. மாணவர்கள் தாங்களாகவே விதியை மாற்றினார்கள்: ஐப்பசி முதல் மார்கழி வரையான சுற்றில் இரண்டு கட்டையும் உருட்டலாம், அதற்கடுத்த சுற்றில் ஒன்று, மற்றச் சுற்றுகளில் ஒன்றுமில்லை. அடுத்த கேள்வியும் உடனே வந்தது. குளத்தில் இருபது துளிக்கு மேல் சேர்ந்தால் மிகுதியை எடுத்துப் பெட்டிக்குள் போடும்படி கையேடு சொல்கிறது. "குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கீழே இருக்கிறவர்களுக்கு நட்டமில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். 2018 மார்கழி வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். வான் பாய்ந்தால் விவசாயிக்கும் விடுதிக்கும் ஆளுக்கு இரண்டு நாணயம் நட்டம் என்று எழுதிச் சேர்த்தோம்.

இதைவிடப் பெரிய திருத்தம் அதற்குப் பிறகு வந்தது. சிறுபோகம் தொடங்குமுன் எங்கள் பகுதியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் இருந்து பேசி முடிவெடுப்பார்கள். சண்டையும் நடக்கும். ஆனாலும் முடிவில்லாமல் கலைவதில்லை. முதலில் மழையைப் பற்றிக் கேட்ட அதே மாணவன், "பயணிகளை எடுக்குமுன்னும் ஒரு கூட்டம் வைப்போம்" என்றான். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆறு பேரும் குளத்தைப் பார்த்து, இந்தப் பருவத்தில் எத்தனை பேரை வரவேற்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஐந்தாம் சுற்றில் வற்றிய குளம், கூட்டம் வைத்து ஆடியபோது எட்டாம் சுற்றிலும் நீரோடு நின்றது. பெட்டியோடு வந்த தகவல் அட்டைகளில் ஒன்று தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பற்றியது. பயணிகள் மிகுந்து பவளப் பாறைகள் பாழானதால் 2018 இல் மூடப்பட்டு 2022 இல் மீண்டும் திறக்கப்பட்ட கடற்கரை அது. அந்த அட்டையை நான் வாசித்தபோது பிள்ளைகள் வியக்கவில்லை. அங்கேயும் கூட்டம் வைத்திருக்கலாம் என்றார்கள்.

இனி என் மனதை உறுத்திய இடம். கையேட்டின் முதற்பக்கத்திலேயே 'எல்லோருக்குமான சுற்றுலா' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். விளையாட்டிலோ சாய்தளம் கட்ட மூன்று நாணயம் செலவு, அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு இதயம். சக்கர நாற்காலியில் வரும் பயணியின் அட்டை மொத்தக் கட்டிலும் ஒன்றுதான். கணக்குத் தெரிந்த எந்தப் பிள்ளை சாய்தளம் கட்டும்? நான்கு குழுக்கள் ஆடின. ஒரு குழுவும் கட்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விளையாட்டு எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள், முன்னுரையில் எழுதியிருப்பதை அல்ல. 1904 இல் அமெரிக்காவில் எலிசபெத் மாகி என்ற பெண், காணி ஏகபோகத்தின் கெடுதியைக் காட்டுவதற்காக ஒரு விளையாட்டைச் செய்து காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த மொனோபொலியில் மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறவரே வெல்கிறார். நல்ல நோக்கம் புள்ளிக் கணக்கில் தவறிப்போவதற்கு அதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

போருக்குப் பிறகு வன்னியில் கால் இழந்தவர் இல்லாத ஊர் இல்லை. இங்கே வளரும் பிள்ளைக்குச் சாய்தளம் என்பது வெளிநாட்டுப் பயணிக்குச் செய்யும் உபகாரமாகத் தெரியக்கூடாது. இதை நான் சொல்லிக்கொடுக்க முயன்றேன், சரிவரவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி ஒரே வசனத்தில் சொன்னாள்: "அம்மம்மாவை விட்டுவிட்டு நாங்கள் மடு மாதா கோயிலுக்குப் போனதேயில்லை."

அதிலிருந்து புதிய விதி பிறந்தது. நடக்க முடியாதவரின் அட்டை தனியாக வராது. அவரோடு ஐந்து உறவினர் வருவார்கள். அவரை இறக்க இடமில்லையென்றால் அவர்கள் வந்த வாகனம் நிற்காது, ஆறு பேரும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அட்டைக்கட்டில் இப்படி நான்கு குடும்பங்களைச் சேர்த்தோம். அடுத்த ஆட்டத்தில் இரண்டாம் சுற்றுக்குள் சாய்தளம் எழுந்தது. கடற்கரை மணலில் சக்கர நாற்காலி புதையுமே என்று ஒருவன் நினைவூட்ட, மரப்பலகைப் பாதை போட இன்னொரு நாணயமும் ஒதுக்கினார்கள்.

யாத்திரிகர்களுக்கும் இந்தப் பெட்டி நீதி செய்யவில்லை. எல்லோருமே 'உல்லாசப் பயணிகள்'. அதில் கோயிலுக்கு வருகிறவர் ஆகக் குறைந்த வகை, ஆளுக்கு ஒரு நாணயம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போயிருக்கும் எவரும் இதை ஏற்கமாட்டார்கள். சிறுவயதில் நான் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் உட்கார்ந்து போனேன். கடல்நீரில் விளக்கெரியும் கோயிலைப் பார்க்க எத்தனையோ ஊர்களிலிருந்து சனம் வரும். இரவு முழுவதும் கச்சான் கடைகளில் வியாபாரம் நடக்கும். அந்தக் காசு கடலை வறுப்பவளுக்கும் பாய் இழைப்பவளுக்கும் நேரே போகிறது. நட்சத்திர விடுதியில் செலவாகும் பணத்தில் எவ்வளவு ஊரில் தங்குகிறது என்ற கேள்வியை விளையாட்டு எழுப்பவேயில்லை. எங்கள் மாணவர்கள் 'கச்சான் கடை' என்று ஓர் அட்டை செய்தார்கள். அதில் வரும் நாணயம் ஊருக்குள்ளேயே இரண்டு கை மாறும்.

நிகழ்வு அட்டைகளில் ஒன்றைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 'போர்க்களப் பயணம்' என்று அதன் பெயர். மூன்று பயணிகள், ஆளுக்கு இரண்டு நாணயம். முதலாவது குழுவில் அது வந்தபோது மேசை அமைதியானது. அட்டையை எடுத்தவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது யாருடைய காணியில் நடக்கிறது?" என்று கேட்டாள். இந்தப் பிள்ளைகள் போர் முடிந்த 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போர் முடிந்த பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள், கிளிநொச்சியில் விழுந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியின் முன் நின்று படம் எடுத்தார்கள். பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் இருந்தது. நான் அந்த நாட்களில் சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு அதே வீதியால் போய்வந்தவள். அவர்கள் எவரிடமும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அங்கே எதைக் காட்டுவது, எதை எழுதிவைப்பது என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்லமாட்டேன். அது இருக்கட்டும். மறுக்கும் உரிமையையும் விளையாட்டு தர வேண்டும். இப்போதுள்ள விதிப்படி வந்த அட்டையை ஆடியே ஆக வேண்டும். 'ஊர்ச் சம்மதம்' என்று ஒரு கட்டம் பலகையில் வரையப்பட வேண்டும், இழந்தவர்களின் வீட்டார் பேசிய பிறகே அந்தப் பயணிகள் வரலாம் என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். மற்றவை திருத்தப்படாவிட்டாலும் இது ஒன்று திருத்தப்பட வேண்டும்.

பொருளின் தரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகை உறுதியானது. அட்டைகள் மெல்லியவை, வியர்வைக் கையில் ஒரு வாரத்தில் ஓரம் சுருண்டுவிட்டன, மின்விசிறி போட்டால் பறக்கின்றன. சிவப்பு இதயமும் பச்சைக் காட்டு வட்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். நிறம் பிரித்தறிய முடியாத மாணவன் ஒருவன் ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருந்தவனைக் கேட்க வேண்டியிருந்தது. எல்லோருக்குமான விளையாட்டில் இது மன்னிக்கக்கூடிய கவனக்குறைவல்ல. இதயத்தை இதய வடிவிலேயே வெட்டினால் போதும். தமிழும் திருத்தப்பட வேண்டும்: 'விருந்தோம்பல் பங்குதாரர்' என்றால் யாரென்று எனக்கே விளங்கவில்லை. ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடங்காது, இரட்டைப் பாடவேளையோடு இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். விலை இன்னும் குறிக்கப்படவில்லை. ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால் எங்களைப் போன்ற பாடசாலைகள் வாங்கமாட்டா.

இத்தனைக்குப் பிறகும் இரவல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். முதல் ஆட்டத்தைக் கையேட்டின்படி ஆடவிடுங்கள், தோற்கட்டும். பிறகு பென்சிலும் வெற்று மட்டையும் கொடுத்து விதிகளை மாற்றச் சொல்லுங்கள். எங்கள் பெட்டி வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறது. மாணவர்கள் பிரித்த அரிசிப் பையின் உட்புறத்தில் தங்கள் பலகையை வரைந்துவிட்டார்கள். நடுவில் இரணைமடு. வடகிழக்கு மூலையில் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான அந்தக் கடலேரிக்குள் இயந்திர வள்ளம் நுழைந்தால் பூநாரை வட்டுகள் மூன்றும் பலகையை விட்டுப் போய்விடும். ஏழாவது பாத்திரமாக வாய்க்கால் காவலரைச் சேர்த்திருக்கிறார்கள். துருசை, அதாவது குளத்து மதகைத் திறக்கும் சாவி அவரிடம் இருக்கும். அந்தப் பாத்திரத்துக்கு இப்போது வகுப்பில் ஆறு பேர் போட்டி.