எக்செல் தாளா, இரட்டை ஒப்பீடா, பெயரில்லா வாக்கா?

குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டத்தில் மேலாளர் முதலில் வாய் திறந்துவிட்டால், மற்றவர்கள் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இதைச் சரிசெய்ய மூன்று வகைக் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

எல்லோரும் அறிந்தது எக்செல் தாள். விலை, சேவை போன்ற ஒவ்வொரு அளவுகோலுக்கும் அதன் முக்கியத்துவப்படி எடை போட்டு, மதிப்பெண் கொடுத்து, பெருக்கிக் கூட்டினால் விடை. ஆனால் அந்த எடை எங்கிருந்து வந்தது? ஒரு விற்பனையாளருக்கு விலையில் 9, சேவையில் 5. இன்னொருவருக்கு 5, 8 என்று வைப்போம். இரண்டுக்கும் பாதிப் பாதி எடை என்றால் முதலாமவர் 7, அடுத்தவர் 6.5. விலையின் எடையை 40 சதவீதமாக்கினால் 6.6, 6.8. ஆளே மாறிவிட்டார்! மனதுக்குள் முன்பே முடிவெடுத்தவர் கையில் இந்தத் தாள் சிக்கினால், வேண்டிய விடையை வரவழைத்துவிடலாம்.

அந்த ஓட்டையை அடைப்பது, கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய ஏ.எச்.பி. (Analytic Hierarchy Process) என்ற இரட்டை ஒப்பீட்டு முறை. 1983இல் வந்த எக்ஸ்பர்ட் சாய்ஸ் மென்பொருள் இதன் மேல் எழுந்ததுதான். 'விலையா, சேவையா, எது எவ்வளவு முக்கியம்?' என்று இரண்டிரண்டாகக் கேட்கும். சமம் என்றால் 1, மிக மிக முக்கியம் என்றால் 9. நம் பதில்களிலிருந்தே எடை பிறக்கிறது. முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னாலும் பிடித்துவிடும். முரண் விகிதம் 0.10ஐத் தாண்டினால் திரும்ப யோசிக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு மற்ற இரண்டிலும் இல்லை. சிக்கல் நீளத்தில்: 6 அளவுகோலுக்கு 15 கேள்வி, 10 என்றால் 45. களைத்த கை எதையாவது அழுத்தும்.

பெயரில்லா வாக்கு, அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் 1950களில் பிறந்த டெல்பி முறையின் வழி வந்தது. பெயர் மறைத்துக் கருத்து, தொகுப்பு, மறுசுற்று. புதிதாகச் சேர்ந்தவரும் தயங்காமல் பேச இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. எடை கணக்கிட மட்டும் தனியாக ஒரு கருவி வேண்டும்.

என் தேர்வு: அளவுகோல்களை 6க்குள் சுருக்கி, பெயரில்லாமல் இரட்டை ஒப்பீடு. ஆனால் குழுவின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் 9 என்றும் இன்னொருவர் 1 என்றும் சொன்னால், மென்பொருள் பெருக்குச் சராசரி எடுத்து (இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு) 3 என்று காட்டும். அந்த 3ஐ யாருமே சொல்லவில்லை. தனித்தனிப் பதில்களைத் திரையில் போட்டு, எங்கே இடைவெளி பெரிதோ அங்கேயே பேச்சைத் தொடங்குங்கள்.