பரமக்குடி காட்டன் சேலை: உப்புத் தண்ணிக்கும் ஏழரை மணி பஸ்சுக்கும் தாங்குகிறதா?

வேலைக்குப் போகிற, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற பெண்ணுக்குப் பரமக்குடி கைத்தறிக் காட்டன் சேலை தினசரிக்கு ஒத்துவருமா என்று கேட்டால், வரும். ஆனால் எல்லா நிறமும் வராது, சேலையின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டாலும் சரியாக வராது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஆபீசுக்கு இதைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு உச்சிப்புளி பக்கம். வேலை ராமநாதபுரத்தில். காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, சின்னவனுக்குத் தலை சீவி, ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கண்ணாடி முன்னால் நிற்க எனக்குக் கிடைக்கிற நேரம் சேலை கட்டுகிற நேரம்தான். நாலு உடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு மாதம் முழுக்க ஓட்டலாம் என்று இணையத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்களில் யாரும் போர் தண்ணியில் துவைப்பதாகத் தெரியவில்லை. நம் ஊரில் உடுப்பு எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை முடிவு செய்வது தண்ணியும் காற்றும்தான். பிராண்டுக்கு அதில் பங்கே இல்லை.

வாங்கியது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனைக் கடையில். பரமக்குடியிலும் வைகைக்கு அந்தப் பக்கம் ஏமனேஸ்வரத்திலும் இப்படிப்பட்ட சங்கங்கள் நிறைய இருக்கின்றன. ஜவுளிக்கடை மாதிரி கண்ணாடி அலமாரி, ஏசி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நான் போன இடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள், கடைக்காரர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே நமக்குத் தமிழில் விலை சொன்னார்கள், ஒரு சேலையைப் பிரித்துக் காட்ட முகம் சுளிக்கவில்லை. ஒரு செங்கல் சிவப்பை எடுத்ததும் அந்தப் பெரியவர், "இது மட்டும் முதல் தண்ணிக்குக் கொஞ்சம் சாயம் விடும்மா, தனியா நனைங்க" என்று அவராகவே சொன்னார். விற்கிறவர் இப்படிச் சொன்னதற்காகவே அதையும் எடுத்துக்கொண்டேன். நான் எடுத்தவை எல்லாம் எண்ணூற்றைம்பதிலிருந்து ஆயிரத்து முந்நூறுக்குள். அதற்கு மேல் போனால் ஜரிகை, பட்டு கலந்தது என்று வரும், அது பற்றிப் பிறகு.

கைத்தறிதானா என்பதை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று 1985-லேயே சட்டம் போட்டாயிற்று, ஆனாலும் பவர்லூம் துணியைக் கைத்தறி என்று விற்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கரையை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னத் துளைகள் தெரியும், தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற குச்சியின் முள் பதிந்தது அது. இது ஒன்றை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. முத்திரையும் வேண்டும். நூல் எண்ணையும் கேளுங்கள்: எண் கூடக் கூட நூல் மெலிசு. மெலிசு என்றால் மே மாதத்துக்குச் சுகம், பஸ் சீட்டின் கம்பியில் மாட்டினால் கிழியும். தினசரிக்கு நடுத்தரமாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இனி தண்ணி. எங்கள் போர் தண்ணியில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, தண்ணியில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாகத் துணியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அது கறுப்பிலும் கருநீலத்திலும் பளிச்சென்று தெரியும். என் கருநீலச் சேலை நாலைந்து துவைப்பிலேயே சாம்பல் பூத்துவிட்டது. அதே கடையில், அதே நாளில் எடுத்த கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் பாக்கு நிறமும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. எனவே உப்புத் தண்ணி ஊர்க்காரர்கள் அடர் நிறத்தில் காசைப் போடாதீர்கள். வேறு வழியே இல்லை, கறுப்புதான் பிடிக்கும் என்றால் சோப்புக் கட்டிக்குப் பதில் திரவ சோப்பு போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி காவிரித் தண்ணி ஒதுக்குங்கள் (காவிரித் தண்ணி வருகிற நாளில் துணிக்கு எடுத்தால் என் மாமியார் பார்க்கிற பார்வை இருக்கிறதே!). சாயம் நிற்கக் கல்லுப்பு போட்டு ஊறவைக்கச் சொல்வார்கள். எங்கள் தண்ணியில் ஏற்கெனவே இருக்கிற உப்பு போதாதா?

கஞ்சி போடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, நிறையத் தண்ணி விட்டு, லேசாகப் போட்டால் போதும். நிழலில், உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மடித்து வைத்தால் தேய்க்கிற வேலை பாதி குறையும். மண்டபம், பாம்பன் பக்கம் காற்றுக்காலத்தில் கஞ்சி போட்ட சேலைதான் கொசுவம் கலையாமல் நிற்கும், சிந்தெடிக் என்றால் பஸ் ஸ்டாண்டில் முந்தியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆனால் புழுக்கமான நாளில் சாயங்காலத்துக்குள் கஞ்சி இளகித் துணி தொய்ந்துவிடும். அதற்கு மருந்து இல்லை.

ஊக்கு விஷயம் ஒன்று. கடல் காற்றில் சாதாரண ஊக்கு சீக்கிரம் துருப்பிடித்து, தோள்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் கறை வைத்துவிடும், அது போகவே போகாது. துருப்பிடிக்காத ஸ்டீல் ஊக்காகக் கேட்டு வாங்கி, அவிழ்த்ததும் கழற்றிவிடுங்கள். ஜாக்கெட் கொக்கிக்கும் இதே கதைதான், நான் இப்போது பட்டன் வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

காசு உண்மையில் போகிற இடம் ஜாக்கெட்தான். ஒவ்வொரு சேலைக்கும் அதோடு வருகிற துணியில் லைனிங் வைத்துத் தைத்தால், தையல்கூலி, ஃபால்ஸ், ஓரம் அடிக்க என்று சேலை விலையில் பாதி போய்விடும். நான் சேலைகளை ஒரே குடும்பத்து நிறங்களாக எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மெரூன், ஒரு சந்தனம், ஒரு கலம்காரிப் பூப்போட்டது என்று மூன்று ஜாக்கெட் மட்டும் லைனிங் இல்லாமல் தைத்தேன். இப்படி மாற்றிப் போட்டால் புதுசு புதுசாக இருக்கிறது, ஆபீசில் "இது எங்க எடுத்தீங்க?" என்று கேட்டதே பெரும்பாலும் பழைய சேலையைத்தான். சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி எனக்கு அளவு போதவில்லை, கை நீளமாக வேண்டும் என்பவர்கள் தனியாகத்தான் எடுக்க வேண்டும். அந்தத் துண்டில் மகளுக்குப் பாவாடை தைத்தாயிற்று.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவசரமான காலைக்கு நானூறு ரூபாய் சிந்தெடிக் சேலைதான் லாயக்கு: தேய்க்க வேண்டாம், மழையில் நனைந்தாலும் அரை மணியில் காயும். அதனால் இரண்டை வைத்திருக்கிறேன், அதில் வெட்கமில்லை. அப்புறம் சுடிதார். அரசு ஊழியர்களுக்கே 2019-ல் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தாயிற்று, ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் முழித்த மறுநாள் நான் சேலையைத் தொடுவதே இல்லை. ஜரிகைக் கரை போட்ட காட்டனைக் கடலோரத்தில் தினசரிக்கு எடுக்காதீர்கள், வேர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து சீக்கிரம் கறுத்துவிடும். விசேஷத்துக்கும் இந்தச் சேலை எடுபடாது, கல்யாண வீட்டில் "என்னத்தா, ஆபீஸ்லருந்து நேரா வந்துட்டியா?" என்று கேட்டே விடுவார்கள்.

நான் போன கடையில் தவணை கிடையாது. எங்கள் பக்கம் வீட்டில் வைத்துச் சேலை விற்கிற அக்காமார் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் தவணை கேட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். அந்த வசதி வேண்டும் என்பவர்களுக்கு அவர்கள்தான் சரி, விலை கொஞ்சம் கூட இருக்கும். மொத்தமாகக் கொடுக்க முடிந்தவர்கள் தள்ளுபடிக் காலம் பார்த்துப் போங்கள், கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் குறைப்பார்கள், அதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை பஸ் பரமக்குடி வழியாகத்தான் போகும். கடை மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டியிருக்கலாம், காலையிலேயே போய்விடுங்கள். கையோடு உங்கள் ஜாக்கெட்டுகளையும் எடுத்துப் போங்கள், டியூப்லைட்டில் மெரூனும் பாக்கு நிறமும் ஒன்றுபோலத் தெரியும், வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.