கடைக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

எங்கள் டிடிபி கடைக் கணினி அடிக்கடி ஹேங் ஆனபோது முதலில் வைரஸ் மேல்தான் பழி போட்டோம். இரண்டு முறை ஃபார்மட் செய்தும் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஒருநாள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரை அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். அப்போதுதான் ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து பார்த்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் கிடந்த செக்டர்கள், அதாவது தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகள், 48.

ஃபைல்களைச் சுற்றும் தட்டில் சேமிப்பது ஹார்ட் டிஸ்க், சிப்பில் சேமிப்பது எஸ்எஸ்டி. விலை குறைவு ஹார்ட் டிஸ்க், வேகம் எஸ்எஸ்டி. இது எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஹேங்தான்.

பல ஹார்ட் டிஸ்க்குகளில் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும்; அதன் மேல் ஒரு கை இங்கும் அங்கும் தாவித் தாவிப் படிக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 10 மில்லிசெகண்ட். சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்களை ஒரே நேரத்தில் கேட்டால் அதுவே பெரிய தாமதம். ஒரு செக்டர் கெட்டுவிட்டாலோ, விடாமல் அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை மற்ற வேலையெல்லாம் வரிசையில் நிற்கும். மென்பொருளைத் திட்டுகிறோம், கோளாறு பல நேரம் இங்கே இருக்கிறது.

எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. பழைய டிஸ்க்கை மதர்போர்டோடு இணைத்திருந்த அதே சாட்டா கேபிளில் மாட்டினேன். நான்கு நிமிடம் எடுத்த பூட், அரை நிமிடத்துக்குள் முடிகிறது. ஃபான்ட் பட்டியல் உடனே விரிகிறது. மூன்று வருடமாக ஒரு ஹேங் இல்லை. ஏழெட்டு வருடம் தாங்குமா என்பதை நான் இன்னும் அனுபவத்தில் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. ஹார்ட் டிஸ்க் பல நேரம் முனகிவிட்டுப் போகும். அப்போது ஃபைல்களைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போனால் சத்தமே இருக்காது, நேற்றுவரை ஓடியது இன்று கண்ணுக்கே தெரியாது. அழித்த ஃபைலை மீட்பதும் கடினம், டிரிம் வசதி அந்த இடத்தைத் துடைத்துவிடும். வருடக்கணக்கில் கரண்ட் கொடுக்காமல் பீரோவில் வைக்கவும் அது ஏற்றதல்ல, தகவலைத் தாங்கும் செல்களில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும்.

அதனால் வேலைக்கு எஸ்எஸ்டி, சேமிப்புக்கு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொண்டேன். தினமும் கடை சாத்தும் முன் அன்றைய ஃபைல்களை அதில் நகல் எடுத்து, கேபிளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறேன்.