‘நாகரிகம்’ என்ற சொல்லை வைத்துத் தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு: ஒரு மதிப்பீடு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர் ஓர் அநுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் திட்டம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கி வருகிறது. நகரத்தாரின் திருந்திய ஒழுகலாற்றைக் குறிக்கும் ‘நாகரிகம்’ என்ற சொல்லையும், அதன் அடியாகிய ‘நகர்’ என்பதையும் தேடிப் பார்த்து இச்சேவையை மதிப்பிட முற்பட்டேன்.

பேரகராதியின் பலம் அதன் மேற்கோள்களில் இருக்கிறது. இன்று நகர் என்றதும் ஊர்தான் நினைவுக்கு வரும். அகராதியோ மாளிகை, கோயில், அரண்மனை என்று பொருள்களைப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பாடலடியைச் சான்றாக நிறுத்துகிறது. ‘பாழியன்ன கடியுடை வியனகர்’ என்ற அகநானூற்றின் 15-ஆம் பாட்டில் வருவது தலைவியின் காவல் மிக்க பெரிய வீடு. ‘முக்கட் செல்வர் நகர்’ என்ற புறநானூற்றின் 6-ஆம் பாட்டில் வருவது சிவன் கோயில். நூற்பெயரும் பாட்டெண்ணும் கையில் இருப்பதால், ஐயமுள்ளவர் மூலத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. பெரும்பாலான கைப்பேசி அகராதிச் செயலிகளில் இந்த வசதியை எதிர்பார்க்கவே முடியாது.

சொற்பிறப்பில்தான் எனக்கு மனக்குறை உண்டு. நகர், நாகரிகம் இரண்டையும் வடமொழியிலிருந்து வந்தவையாகப் பேரகராதி ஒரு சிறு குறியால் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறது. அது முடிவா, கருத்தா என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை. தேவநேயப் பாவாணர் இதை ஏற்கவில்லை. நகரகம், நகரிகம், நாகரிகம் என்று தமிழுக்குள்ளேயே இச்சொல் திரிந்ததாக அவர் எழுதினார். மொழியியலாளர்களான பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் நகர் என்ற சொல்லுக்கு இடம் தந்திருக்கிறது. அந்த அகராதியும் அதே தளத்திலேயே கிடைக்கிறது என்பதால், இரண்டையும் அருகருகே திறந்து வைத்துப் படிப்பதே நல்லது. வீடு, கோயில் என்ற பொருள்கள் சங்கப் பாட்டுகளில் அவ்வளவு இயல்பாகப் புழங்குவதைப் பார்க்கும்போது, வடமொழி மூலம் என்று ஒரே வீச்சில் முடித்துவிடுவது அவசரமாகவே எனக்குப் படுகிறது.

பொருளின் ஆழத்தை அறிய அகராதியை விட்டு வெளியேதான் செல்ல வேண்டும். வடமொழிக் காமசூத்திரத்தில் வாத்ஸ்யாயனர் காட்டும் நாகரகன் கலையும் இன்பமும் நுகரும் நகரத்துச் செல்வன். திருக்குறளின் 580-ஆம் குறளோ, தம் கண்ணெதிரே நஞ்சு ஊற்றப்படுவதைக் கண்டும் அதை உண்டு அமைபவரையே ‘நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர்’ என்கிறது. அங்கே நாகரிகம் என்பது கண்ணோட்டமே, அதாவது பிறர்பால் காட்டும் இரக்கமே என்று பரிமேலழகர் உரை கூறி, ‘நட்டோர் கொடுப்பின் நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்’ என்ற நற்றிணை 355-ஆம் பாட்டைத் துணைக்கு அழைக்கிறார். உடையிலும் பேச்சிலும் காட்டும் மினுக்கைக் குறிக்க இச்சொல்லை இன்று பயன்படுத்துகிற நமக்கு அந்தப் பழம்பொருள் சற்றே கூச்சம் தரக்கூடியது. சிந்துவெளி அகழாய்வு முடிவுகளைத் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்ததும் பேரகராதி வெளிவரத் தொடங்கிய 1924-இல்தான். ‘சிந்துவெளி நாகரிகம்’ என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் வழக்கெல்லாம் அதற்குப் பின் வளர்ந்தது. ஆகவே தற்கால வழக்கு வேண்டுவோர் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை நாடுவதே முறை.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, தலைச்சொல்லை மட்டுமன்றி விளக்கப் பகுதிக்குள்ளும் தேட முடிவதும், அச்சுப் பதிப்பின் பக்க எண் காட்டப்படுவதும் ஆய்வாளருக்குப் பெரிய உதவி. பொருள்கள் பத்தி பிரிக்கப்படாமல் ஒரே தொடராக ஓடுவதால் கைப்பேசியின் சிறு திரையில் படிப்பது சிரமம். நூற்பெயர்ச் சுருக்கங்களுக்குப் பழகாத மாணவர் தொடக்கத்தில் திணறுவார், ‘சீவக.’ என்பது சீவக சிந்தாமணி என்று ஊகிக்கலாம், எல்லாச் சுருக்கங்களும் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர், இலக்கிய வாசகர் ஆகியோருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அவசரமாக ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் தேடுபவருக்கு இது ஏற்றதன்று.