வீட்டு வேலைத் தகராறில் தனி ஆய்வாளர்: கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா?

புதுப்பித்த பாத்ரூமில் தண்ணீர் ட்ராப் (தரையில் தண்ணீர் வெளியேறும் வடிகால்) பக்கம் போகாமல் மூலையில் நிற்கிறது. கீழ்த்தளத்துச் சீலிங்கில் கறை படிகிறது. காண்ட்ராக்டரைக் கேட்டால், "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இந்தக் கட்டத்தில் பலர் நேராக வக்கீலிடம் போகிறார்கள். அதற்கு முன்பே தனி ஆய்வாளர் ஒருவரை வரவழைத்து, நடந்த வேலையை அளந்து எழுதி வாங்குவது எவ்வளவோ மேல். ஆனால் அறிக்கைக்கு அறிக்கை தரம் மாறும். மோசமான அறிக்கை எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

"தரை வாட்டம் சரியில்லை" என்று எழுதியிருந்தால் அது வெறும் அபிப்பிராயம். "சுவரிலிருந்து ட்ராப் வரை 1,200 மி.மீ.; வாட்டம் 3 மி.மீ.தான், 1:80 கணக்கில் (80 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இறக்கம்) 15 மி.மீ. வந்திருக்க வேண்டும்" என்று, ரசமட்டமும் டேப்பும் தெரியும் படத்தோடு எழுதியிருந்தால் அதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. டைல் விஷயமும் அப்படியே. தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வருகிறது என்பது சந்தேகத்துக்கு இடம் தருமே தவிர நிரூபணம் ஆகாது. ஒரு டைலையாவது பெயர்த்து அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும். பசையை முழுக்க இழுக்காமல் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அமெரிக்கத் தரநெறி ஈரமான இடங்களில் டைலுக்கு அடியில் 95 சதவீதமும், உலர்ந்த இடங்களில் 80 சதவீதமும் பசை பரவியிருக்க வேண்டும் என்கிறது.

கசிவு என்றால் காரணத்தைப் பிரித்துச் சொல்வதுதான் இந்தச் சேவையின் உயிர். முதலில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் குற்றம் சப்ளை லைனில். அடுத்து, தரை நனையாமல் ட்ராப்புக்குள் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழிவுக் குழாயைச் சோதிக்க வேண்டும். கடைசியாக, ட்ராப்பை அடைத்துத் தரையில் 25 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் தேக்கிக் குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். அதே ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டையும் பக்கத்தில் வைத்தால், ஆவியானது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று தெரியும். டைலுக்கு அடியிலுள்ள கலவை முதலில் கொஞ்சம் நீரை உறிஞ்சும் என்பதால், மட்டம் நிலைத்த பிறகே பென்சில் கோடு போட வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது எதனால் என்று யாருக்கும் விளங்காது. கசிவது பழைய கழிவுக் குழாய் என்று தெரிந்து, அது காண்ட்ராக்டர் எடுத்த வேலையிலேயே இல்லை என்றால், தரைக்காகப் போட்ட சண்டை அங்கேயே தோற்றுவிடும்.

தெர்மல் கேமரா படத்தை அட்டையில் போட்டு அசத்தும் அறிக்கைகளை நம்ப வேண்டாம். அது காட்டுவது வெப்பநிலை வேறுபாட்டை மட்டும்தான், தண்ணீரை அல்ல. ஊசி வைத்த ஈரப்பத மீட்டரும் மரத்தின் ஈரத்தைக் காட்டும்படி அளவு குறித்தது. சுவரில் உப்பு இருந்தால் எண் ஏறிவிடும். அதே பூச்சுள்ள உலர்ந்த சுவரின் அளவையும் பக்கத்தில் தந்தால்தான் ஓதம் என்று சொல்ல முடியும்.

இந்தச் சேவை கைகொடுக்காத இடங்களும் உண்டு. எஸ்டிமேட்டில் வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட், எந்தப் பொருள் என்று எழுதாமல் வாய்ப்பேச்சில் விட்டிருந்தால், ஆய்வாளரால் தரத்தைச் சொல்ல முடியுமே ஒழிய, ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்ல முடியாது. கிரவுட் (டைல் இடுக்கில் நிரப்பும் கலவை) நிறம் பிடிக்கவில்லை என்பது போன்ற புகார்களுக்கும் பலன் குறைவு. முழுப் பணத்தையும் கொடுத்த பிறகு கூப்பிட்டால், அறிக்கை இருக்கும், காண்ட்ராக்டர் போன் எடுக்க மாட்டார். வேறு கொத்தனாரை விட்டுக் கொத்திய பிறகு கூப்பிடுவது அதைவிட மோசம், "புதுக் கொத்தனார்தான் கெடுத்தார்" என்று சொல்லக் காண்ட்ராக்டருக்கு வழி கிடைத்துவிடும்.

ஆய்வு நடக்கும் தேதியைக் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவித்து அவரையும் கூப்பிடுங்கள். வந்தால் அளவுகளை அவர் கண் முன்னே எடுக்கலாம். வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்பது அறிக்கையிலேயே பதிவாகட்டும். பிறகு அனுப்பும் கடிதத்தில் கோபம் வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் எஸ்டிமேட் வரி, அறிக்கைப் பக்கம், செய்ய வேண்டிய திருத்தம், கெடு தேதி இவை போதும். சரிசெய்ய முதல் வாய்ப்பை அவருக்கே கொடுங்கள். அதைத் தராமல் வேறு ஆளை வைத்துவிட்டுச் செலவைக் கேட்டால், வழக்கு பலவீனமாகும். பாக்கியில் குறையுள்ள வேலைக்கு ஈடான தொகையை மட்டும் நிறுத்திவையுங்கள். மொத்தத்தையும் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகலாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கேளுங்கள். ரிப்பேர் வேலையும் எடுப்பாரா? எடுப்பவர் என்றால் வேண்டாம், அவர் காணும் ஒவ்வொரு குறையும் அவருக்கு வேலை. கட்டணம் முன்கூட்டியே பேசிய ஒரே தொகையா? கிடைக்கும் நஷ்ட ஈட்டில் பங்கு கேட்பவரின் அறிக்கையை மத்தியஸ்தரும் நீதிமன்றமும் நடுநிலையாக எடுத்துக்கொள்வது கடினம்.