டிரான்ஸ்ஃபர்மார்க்ட்: நட்சத்திர நடுக்கள வீரரை விற்கலாமா என்ற வழக்கில் இந்தத் தளத்தை எவ்வளவு நம்பலாம்?

ஒரு கால்பந்துக் கழகத்தின் சிறந்த நடுக்கள வீரருக்குப் பெரிய கழகம் ஒன்று விலை பேசத் தொடங்கிவிட்டால், அந்தக் கழகத்தின் ரசிகர்கள் அன்றே இரு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். விற்றால் அணியின் முதுகெலும்பே போய்விடும் என்பது ஒரு கட்சி. இவ்வளவு பணம் இனி வராது, வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள் என்பது மறு கட்சி. இரண்டு தரப்பும் தம் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டும் எண், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் என்ற கால்பந்து விவரத் தளத்திலிருந்து எடுத்ததாகவே இருக்கும். வீரர்களின் விவரங்களைத் தேடுவதற்கு அந்தத் தளம் எவ்வளவு பயன்படும் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒரேயொரு பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: விற்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய இந்தச் சேவை உதவுகிறதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் ஆவணங்கள் அருமையானவை. ஆனால் அது எந்த எண்ணுக்காகப் புகழ்பெற்றிருக்கிறதோ, வீரருக்கு அது இடும் அந்தச் சந்தை மதிப்புதான் இந்த வழக்கில் மிகக் குறைவாக உதவுகிறது.

ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டு, வெர்டர் பிரேமன் அணியின் ரசிகரான மத்தியாஸ் சைடல் தொடங்கிய தளம் இது. 2008இல் ஆக்செல் ஷ்ப்ரிங்கர் பதிப்பக நிறுவனம் இதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இங்கே காணப்படும் சந்தை மதிப்பை ஏதோ ஒரு கணினிச் சூத்திரம் கக்குவதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது பதிவுசெய்த பயனர்கள் விவாதித்து முன்வைக்கும் மதிப்பீடுகளை, அந்தந்த லீக்கைக் கவனிக்கும் பொறுப்பாளர்கள் சீர்தூக்கிப் பார்த்து நிர்ணயிக்கும் தொகை. வயது, ஆட்டத்திறன், லீக்கின் தரம், காயமடையும் போக்கு, விளம்பர மதிப்பு முதலியவை எல்லாம் கணக்கில் வருகின்றன. அதாவது ரசிகர்கள் தங்கள் சண்டையில் சாட்சிக்கு அழைக்கும் அந்த எண்ணே, வேறு ரசிகர்கள் முன்பே போட்டு முடித்த ஒரு சண்டையின் தீர்ப்புதான். இதில் தவறேதும் இல்லை. பலருடைய கணிப்புகள் சேரும்போது அது பெரும்பாலும் நியாயமான இடத்திலேயே போய் நிற்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஆட்டங்கள் நின்றபோது, 1998க்கு முன் பிறந்த வீரர்களின் மதிப்பை 20 சதவீதமும் 1998இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுடையதை 10 சதவீதமும் ஒரே வீச்சில் குறைத்தார்களே, அது போன்ற துணிச்சலான முடிவுகளை ஒரு சூத்திரம் தானாக எடுத்திருக்காது.

சோதனைக்கு லிவர்பூல் அணியின் பிலிப்பே கொட்டீன்யோவை எடுத்துக்கொள்வோம். 2013 ஜனவரியில் இன்டர் மிலானிலிருந்து 85 லட்சம் பவுண்டுக்கு வந்தவர் அவர். ஐந்தே ஆண்டுகளில், 2018 ஜனவரி 6 அன்று, பார்சிலோனாவுக்கு அவரை விற்பதாக உடன்பாடு ஏற்பட்டபோது, முன்பணமாக மட்டும் சுமார் 10.5 கோடி பவுண்டு, சில நிபந்தனைகள் நிறைவேறினால் பின்னர் தரவேண்டிய நிபந்தனைத் தொகைகளையும் சேர்த்தால் 14.2 கோடி பவுண்டு வரை என்று செய்திகள் கூறின. டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தன் பட்டியலில் 13.5 கோடி யூரோ என்று பதிவுசெய்திருக்கிறது. பவுண்டு, யூரோ மாற்று விகிதத்தை வைத்து இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. எந்தெந்த நிபந்தனைத் தொகையை எப்போது கணக்கில் சேர்ப்பது என்ற தீர்மானமே இங்கே தொகையை மாற்றுகிறது. தளத்தில் ஓர் எண் ஒற்றையாக, அழுத்தம்திருத்தமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, அதுதான் கழகத்தின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது என்று யாரும் கருதிவிடக் கூடாது.

இந்த வழக்கு உண்மையில் சூடுபிடித்தது 2017 ஆகஸ்டில்தான். நெய்மாரைப் பாரிஸ் சான் ஜெர்மான் 22.2 கோடி யூரோவுக்குத் தூக்கிச் சென்றிருந்தது. பார்சிலோனாவின் கையில் பணம் குவிந்திருக்கிறது என்பதும், ரசிகர்களைச் சமாதானப்படுத்த அதற்கு உடனே ஒரு பெரிய பெயர் தேவை என்பதும் ஐரோப்பாவில் எல்லா விற்பனையாளர்களுக்கும் தெரிந்திருந்தது. முதலில் சுமார் 7.2 கோடி பவுண்டு என்று வந்த விலைக் கேட்பையும் அடுத்தடுத்த கேட்புகளையும் லிவர்பூல் மறுத்தது. கொட்டீன்யோவே விடுவிக்கும்படி எழுத்துமூலம் கேட்டார். அதே நாளில் கழக உரிமையாளர்கள் அவர் விற்பனைக்கு இல்லை என்று அறிக்கை விட்டார்கள். அந்த வாரத்தில் தளத்தின் சந்தை மதிப்பைப் பார்த்துவிட்டு, கேட்கும் விலை இதைவிடக் கூடுதல், எனவே விற்பதே புத்திசாலித்தனம் என்று ஒரு ரசிகர் வாதிட்டிருந்தால், எண்ணளவில் அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் ஐந்து மாதம் பொறுத்த லிவர்பூலுக்கு அதைவிடப் பல கோடி அதிகம் கிடைத்தது.

நம் ஊரில் நிலம் வாங்குபவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இராது. பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பு ஒன்று உண்டு; பக்கத்து மனைக்காரருக்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும் என்றால் அவர் தரும் விலை வேறொன்று. முன்னது இல்லாவிட்டால் பேச்சைத் தொடங்கவே முடியாது; ஆனால் பேச்சு எங்கே முடியும் என்பதை அது சொல்லாது. சந்தை மதிப்பும் விற்பனைத் தொகையும் ஒன்றல்ல என்று தளமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். படிக்காமல் வாதிடுவது நம் வழக்கம்.

அந்த எண்ணின் பெரிய குறை, விற்ற பிறகு அணி என்ன ஆகும் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது என்பது. இதற்கு லிவர்பூலிலேயே இன்னொரு வழக்கு இருக்கிறது. 2009 கோடையில் ஷாபி அலோன்சோவை ரியல் மாட்ரிட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2004இல் ரியல் சோசியடாடிலிருந்து ஒரு கோடி பவுண்டுக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வீரருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. காகிதத்தில் பார்த்தால் பழுதற்ற வணிகம். விற்பதற்கு முந்தைய பருவத்தில் லிவர்பூல் 86 புள்ளிகளுடன், இரண்டே தோல்விகளுடன் இரண்டாம் இடம் பிடித்திருந்தது. விற்ற பின் வந்த பருவத்தில் 63 புள்ளிகளுடன் ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. சரிவுக்கு அலோன்சோ ஒருவரின் பிரிவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கழக உரிமையாளர்களின் கடன் சிக்கலும் அப்போது முற்றியிருந்தது. ஆயினும் பந்தைப் பின்களத்திலிருந்து வாங்கி, ஆட்டத்தின் வேகத்தைத் தன் காலில் வைத்திருந்த ஒருவர் போனதும் அணி திணறியதை ஆட்டங்களைப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

கொட்டீன்யோ விஷயத்தில் நடந்ததோ நேர்மாறு. அவர் போவதற்குச் சில நாட்களுக்கு முன்பே விர்ஜில் வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு வாங்குவது முடிவாகியிருந்தது. அந்தக் கோடையில் கோல்காப்பாளர் அலிசன் வந்தார். தாக்குதலில் சலா, மானே, பிர்மினோ மூவரும் ஏற்கெனவே கோல் மழை பொழிந்துகொண்டிருந்ததால், கொட்டீன்யோவின் இடத்தில் யாரையும் நேரடியாக நிறுத்தவேண்டிய தேவையே ஏற்படவில்லை. 2018 மே மாதம் கீவ் நகரில், ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டம். 2019இல் அரையிறுதியில் அதே பார்சிலோனாவை, அதே கொட்டீன்யோ களத்தில் இருக்க, தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 4-0 என்று வீழ்த்திக் கோப்பை. 2020இல் லீக் பட்டம். இரண்டு வீரர்களுடைய பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்து, ஒரு விற்பனை அணியைச் சரித்தது, மற்றது அணியைக் கட்டியது என்று யாராவது அங்கே சந்தை மதிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வளைகோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தால் நான் வியப்பேன். விற்ற பணத்தை எங்கே போடப்போகிறார்கள், அந்த வீரர் செய்த வேலையை வேறு யார் செய்வார் என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த வளைகோட்டில் இடமில்லை.

இனி நான் பாராட்டும் பகுதிகளுக்கு வருகிறேன். வீரரின் பக்கத்தில் அடக்கமாக ஒரு வரியில் இருக்கும் ஒப்பந்த முடிவுத் தேதி, இந்த வழக்கைப் பொறுத்தவரை, மேலே பெரிய எழுத்தில் மின்னும் மதிப்பைவிடப் பயனுள்ளது. கொட்டீன்யோ 2017 ஜனவரியில்தான் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். இன்ன தொகை தந்தால் வீரரை விட்டே ஆகவேண்டும் என்ற விடுவிப்புத் தொகை நிபந்தனை ஏதும் அதில் இருக்கவில்லை. அதனால்தான் லிவர்பூலால் முடியாது என்று சொல்ல முடிந்தது. 2011இல் லூகா மோட்ரிச்சைச் செல்சீ கேட்டுக் கேட்டுப் பார்த்தும் டாட்டன்ஹாம் தலைவர் டேனியல் லெவி அசையாமல் இருந்ததற்கும் நீண்ட ஒப்பந்தமே பின்பலம். அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை: டாட்டன்ஹாம் நான்காம் இடம் பிடித்தும், அதற்குரிய அடுத்த ஆண்டுச் சாம்பியன்ஸ் லீக் இடம், அந்தக் கோப்பையை வென்ற செல்சீக்குப் போய்விட்டது, அடுத்த கோடையில் மோட்ரிச் சுமார் 3 கோடி பவுண்டுக்கு மாட்ரிட் போனார். எதிர்த் திசையில் பால் போக்பாவைப் பாருங்கள். 2016இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய அவரை, மான்செஸ்டர் யுனைடெட் 2022இல் ஒப்பந்தம் முடிந்து ஒரு பென்னிகூடப் பெறாமல் அனுப்பியது. கடைசி நாள்வரை தளத்தில் அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது, கழகத்துக்குத்தான் இல்லை.

காய வரலாற்றுப் பக்கமும் அதே அளவு உதவும். எந்தக் காயம், எத்தனை நாள், எத்தனை ஆட்டம் தவறியது என்று வரிசையாக இருக்கும். அலோன்சோவுக்கு மாற்றாக லிவர்பூல் கொண்டுவந்த ஆல்பெர்ட்டோ அக்விலானி, கணுக்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த நிலையில் வந்து சேர்ந்து, 2009 அக்டோபர் இறுதியில்தான் முதன்முறையாகக் களமிறங்கினார். விற்பதற்கு வாதாடும் ரசிகர்கள், வாங்கப்போகும் மாற்று வீரரின் இந்தப் பக்கத்தை முதலில் திறந்து பார்ப்பது நல்லது.

இல்லாதவை பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கழகங்கள் வீரரை விற்க முடிவெடுக்கும்போது முதலில் பார்ப்பது கணக்குப் புத்தகத்தில் அவருக்கு எஞ்சியிருக்கும் மதிப்பை. 5 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலை ஆண்டுக்கு ஒரு கோடியாகக் கழிக்கப்படும். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் கணக்கில் 2 கோடிதான். அப்போது 4 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிடக் குறைவு என்றாலும், கணக்கில் 2 கோடி லாபம். கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவருக்கோ கழிக்க ஒன்றுமில்லை. வரும் தொகை முழுவதும் லாபமே. 2024 ஆகஸ்டில் செல்சீ கானர் கேலகரை 3 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு அத்லெட்டிகோ மாட்ரிட்டிடம் விற்றபோது ரசிகர்கள் கொதித்தார்கள். சிறுவயதிலிருந்தே கழகத்தில் வளர்ந்தவர், முந்தைய பருவத்தில் பல ஆட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர். ஆனால் மூன்றாண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியும், ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த ஒரேயோர் ஆண்டும் ரசிகர்களின் பாசத்தைவிடக் கனமாக இருந்தன. இவற்றில் இரண்டாவதை மட்டுமே டிரான்ஸ்ஃபர்மார்க்ட் காட்டும். ஆண்டுவாரியான கழிவுக் கணக்கைச் சேர்க்க அதனிடம் போதிய விவரம் ஏற்கெனவே இருக்கிறது என்பதால், இந்தக் குறை எனக்குச் சோம்பலாகவே படுகிறது. சம்பளம் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம். கழகங்கள் அதை வெளியிடுவதில்லை.

யார் எந்தக் கழகத்துக்குப் போவார் என்று பேசும் வதந்திப் பகுதி பொழுதுபோக்கு, வேறொன்றுமில்லை. பதிவுசெய்யாமலே, கட்டணமின்றித் தளத்தைப் பார்க்கலாம். பதிலுக்கு விளம்பரங்களைச் சகித்துக்கொள்ள வேண்டும். தமிழில் இல்லை; ஆனால் அட்டவணைகள் எளிமையானவை என்பதால் ஓரளவு ஆங்கிலம் அறிந்தவர்கள் திணறமாட்டார்கள்.

இந்திய ரசிகர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐஎஸ்எல் கழகங்கள் விற்பனைத் தொகைகளைப் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. தெரியாத தொகைக்கு இந்தத் தளம் கேள்விக்குறி இட்டுவிட்டு நகர்ந்துவிடும். 2023 ஜூலையில் கேரளா பிளாஸ்டர்ஸ் தன் செல்லப்பிள்ளையான நடுக்கள வீரர் சஹல் அப்துல் சமதை மோகன் பகானுக்கு அனுப்பிவிட்டு, பாதுகாப்பு வீரர் பிரீதம் கோட்டலையும் அதனுடன் ஒரு தொகையையும் பெற்றுக்கொண்டது. கண்ணூர் மாவட்டக்காரர், 2022 அரையிறுதியில் ஜாம்ஷெட்பூருக்கு எதிராகக் கோல் அடித்தவர், கழகத்துக்காக அதுவரை மிக அதிகமான ஆட்டங்கள் ஆடியவர். அந்த மாற்றத்தை எடைபோட முயலும் ரசிகருக்கு இங்கே கிடைப்பது, ஐரோப்பிய வீரர்களுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. இந்திய வீரர்களுக்கான சந்தை மதிப்புகளும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய விற்பனைகள் இல்லாமல் இடப்பட்டவையே என்பதால், அவற்றைக் கொண்டு ஐஎஸ்எல் அணிகளைத் தரவரிசைப்படுத்தும் படங்கள் கைப்பேசிக்கு வரும்போது நான் அவற்றைத் திறப்பதேயில்லை. ஒப்பந்த முடிவுத் தேதியும் ஆடிய நிமிடங்களும் மட்டும் அங்கேயும் கைகொடுக்கின்றன.